நெடுஞ்சாலை வாகனத் தொடர்பு: கணக்கும் சிமுலேஷனும் ஏன் ஒத்துப்போகவில்லை?

ஆறுவழிச்சாலை எழுதியது:

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வின் முதலாண்டில் இருக்கிறேன். ஊர்திகள் தம் இருப்பிடம், வேகம், திசை ஆகியவற்றை நொடிக்குப் பத்து முறை சுற்றியுள்ள ஊர்திகளுக்கு அறிவிக்கும் ஏற்பாட்டில், ஊர்திகளுக்கான வைஃபை வகையான ஐ.ஈ.ஈ.ஈ. 802.11பி நெறிமுறை எவ்வளவு நம்பகமாகச் செயல்படும் என்பதைக் கணக்கிடுவதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை. மூன்று மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். அதனால் இங்கே கேட்கிறேன்.

நான் எடுத்துக்கொண்ட சாலை 4 கிலோமீட்டர் நீளமானது. திசைக்கு மூன்றாக ஆறு தடங்கள், ஒவ்வொரு தடத்திலும் 40 மீட்டருக்கு ஓர் ஊர்தி, ஆகக் கிலோமீட்டருக்கு 150 ஊர்திகள். ஒரு செய்தியின் அளவு தலைப்புகள் உட்பட 300 பைட். 10 மெகாஹெர்ட்ஸ் சேனலில் நொடிக்கு 6 மெகாபிட் வேகத்தில் செல்கிறது. ஓர் ஊர்தி அனுப்புவதை 500 மீட்டர் வரை உள்ளவை உணரும்படி ஆற்றலை வைத்திருக்கிறேன்.

முதலில் 2000ஆம் ஆண்டில் ஜுசெப்பே பியாங்கி வெளியிட்ட, வைஃபை கருவிகளின் மோதல் நிகழ்தகவைக் கணக்கிடும் மார்க்கோவ் சங்கிலி மாதிரியை அப்படியே பொருத்திப் பார்த்தேன். எந்தச் செய்தியும் மோதலின்றிப் போய்ச் சேராது என்று விடை வந்தது. பிறகு, ஊர்தியிடம் எப்போதும் செய்தி காத்திருக்காது என்பதைச் சேர்த்து மாதிரியைத் திருத்தினேன். இப்போது எந்தத் தொலைவில் இருக்கும் ஊர்திக்கும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட செய்திகள் சேர்கின்றன என்கிறது. ஆனால் என்எஸ்-3 என்ற வலையமைப்புச் சிமுலேஷன் மென்பொருளில் 100 மீட்டரில் மட்டுமே அந்த அளவு கிடைக்கிறது. 300 மீட்டரில் நூற்றுக்கு 60க்கும் 65க்கும் இடையே இறங்கிவிடுகிறது. 450 மீட்டரைத் தாண்டினால் பாதிதான்.

இரண்டும் ஒத்துப்போகும் வரை ஒரு வரிகூட எழுத வேண்டாம் என்று என் வழிகாட்டி சொல்லியிருக்கிறார். தவறு கணக்கில் இருக்கிறதா, சிமுலேஷனில் இருக்கிறதா? வானொலிப் பரவலுக்கு, நேரே வரும் கதிரையும் தரையில் பட்டு வரும் கதிரையும் கொள்ளும் இருகதிர் மாதிரியைப் பயன்படுத்தியிருக்கிறேன். ஊர்திகள் அனைத்தும் மாறாத வேகத்தில் போகின்றன. நகர்வு மாதிரியை மாற்றினால் விடை நெருங்குமா என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

---

வரிசைக்கோட்பாடு எழுதியது:

உங்கள் சிமுலேஷனில் பெரிய தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கணக்கிலும் பிழை இல்லை. நீங்கள் கணக்கிட்ட சாலை வேறு, சிமுலேஷனில் ஓடும் சாலை வேறு, அவ்வளவுதான்.

பியாங்கியின் மாதிரி மூன்று எடுகோள்களின்மேல் நிற்கிறது: எல்லா முனைகளும் ஒன்றையொன்று கேட்கும், ஒவ்வொரு முனையிடமும் அனுப்ப எப்போதும் ஏதாவது இருக்கும், மோதல் நேர்ந்தால் பெறுபவரிடமிருந்து பதில் வராது, அதைக் கண்டு அனுப்பியவர் தன் காத்திருப்புச் சாளரத்தை (எத்தனை ஸ்லாட், அதாவது சிறு நேரத்துண்டு, காத்திருப்பது என்பதைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கும் வரம்பை) இருமடங்காக்குவார். ஓர் அறையில் இருக்கும் வைஃபை கருவிகளுக்கு இவை பொருந்தும். சாலையில் மூன்றுமே பொருந்தாது. எல்லாருக்குமாக அனுப்பும் செய்திக்கு யாரும் பதில் அனுப்புவதில்லை. எனவே மோதல் நேர்ந்தது அனுப்பியவருக்குத் தெரியவே வழியில்லை, சாளரமும் விரிவதில்லை. சாளரம் 16 எனில், செறிவு நிலையில் (எல்லாரிடமும் எப்போதும் செய்தி காத்திருக்கும்போது) ஒரு ஸ்லாட்டில் அனுப்பும் நிகழ்தகவு 2/17, அதாவது ஏறத்தாழ 0.118 என்ற ஒரே எண்ணில் நின்றுவிடுகிறது. பத்து ஊர்திகள் இருந்தாலே மோதல் நிகழ்தகவு 0.68 ஆகிவிடும். உங்கள் 150 ஊர்திகளுக்குப் பூச்சியம் வந்ததில் வியப்பில்லை.

இனி, உண்மையான சுமை என்ன என்று பாருங்கள். 10 மெகாஹெர்ட்ஸ் சேனலில் ஒரு குறியீட்டின் நீளம் 8 மைக்ரோநொடி. 6 மெகாபிட் வேகத்தில் ஒரு குறியீடு 48 பிட்டுகளைச் சுமக்கும். 300 பைட்டுடன் 22 பிட்டுகள் கூடுதலாகச் சேரும்போது 2,422 பிட்டுகள். அதற்கு 51 குறியீடுகள், 408 மைக்ரோநொடி. செய்திக்கு முன் செல்லும் முன்னொட்டுக்கு 40 மைக்ரோநொடியைச் சேர்த்தால் ஒரு செய்தி காற்றில் இருக்கும் நேரம் 448 மைக்ரோநொடி. ஓர் ஊர்தி நொடிக்கு 4.48 மில்லிநொடி பேசுகிறது. ஒருவரைச் சுற்றி இருபுறமும் 500 மீட்டருக்குள் 150 ஊர்திகள். எனவே சேனல் நேரத்தில் 67 விழுக்காடு நிரம்பியிருக்கிறது. இது செறிவு நிலையும் அல்ல, இலேசான சுமையும் அல்ல. உங்கள் இரண்டாவது மாதிரி இதைச் சரியாகவே பிடித்திருக்கிறது. ஒருவரையொருவர் கேட்கும் ஊர்திகளுக்கிடையே நேரும் மோதல் நூற்றுக்குச் சில என்பது நம்பத்தக்கதே.

விடுபட்டது மறைமுனைகள். அனுப்புபவர் ஓரிடத்தில் இருக்கிறார், பெறுபவர் அவருக்கு 300 மீட்டர் முன்னால் இருக்கிறார் என்று கொள்ளுங்கள். அனுப்புபவருக்கு 500 மீட்டர் வரைதான் கேட்கும். பெறுபவருக்கோ 800ஆவது மீட்டர் வரை உள்ளவர்களின் குரல் எட்டும். இடைப்பட்ட 300 மீட்டரில் உள்ள 45 ஊர்திகள் அனுப்புபவரைப் பொறுத்தவரை இல்லாதவர்கள். சேனல் ஓய்வாக இருப்பதாக நினைத்துக்கொண்டு எந்த நேரத்திலும் பேசத் தொடங்குவார்கள். அவர்களில் ஒருவரும், செய்தி தொடங்குவதற்கு 448 மைக்ரோநொடி முன்பிருந்து அது முடியும் வரை, பேசத் தொடங்கக் கூடாது. பாய்சான் வருகை (ஒன்றுக்கொன்று தொடர்பின்றித் தற்செயலாகத் தொடங்குதல்) என்று கொண்டால், 2 × 45 × 10 × 0.000448 = 0.403, அதை எதிர்க்குறியோடு e-யின் அடுக்கில் ஏற்றினால், எவரும் குறுக்கிடாத வாய்ப்பு 0.67.

இங்கே ஒரு நுணுக்கம். அந்த 45 ஊர்திகளும் 300 மீட்டருக்குள் இருப்பதால் தங்களுக்குள் ஒருவரையொருவர் கேட்டு, ஒருவர் முடித்தபின் அடுத்தவர் பேசுகிறார்கள். இதனால் நிலைமை மேம்படும் என்றே நானும் முதலில் நினைத்தேன். நேர்மாறாகவே நடக்கிறது: ஒன்றன்மேல் ஒன்று விழாமல் வரிசையாகப் பேசுவதால் அவர்கள் மொத்தத்தில் அதிக நேரத்தை அடைத்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய சுமை 0.20, செய்தி தொடங்கும்போது அவர்களில் எவரும் பேசாதிருக்கும் வாய்ப்பு 0.80, அது முடியும் வரை ஒருவரும் தொடங்காதிருக்கும் வாய்ப்பு 0.78, பெருக்கினால் 0.62. உங்கள் சிமுலேஷன் சொல்வதும் ஏறத்தாழ இதையே.

இன்னொன்றையும் சரிபாருங்கள். செய்தியை எந்த முன்னுரிமை வகுப்பில் அனுப்புகிறீர்கள்? குரலுக்கான வகுப்பில் சாளரம் 4 மட்டுமே. காத்திருக்கும் இரண்டு ஊர்திகள் ஒரே எண்ணைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு, 16 எனில் பதினாறில் ஒன்று. 4 எனில் நான்கில் ஒன்று. கணக்கில் ஒன்றும் சிமுலேஷனில் மற்றொன்றும் இருந்தால், வேறு எதைத் திருத்தினாலும் இரண்டும் ஒத்துப்போகா.

---

அலைநீளம் எழுதியது:

மேலே சொல்லப்பட்டதுடன் உடன்படுகிறேன். ஆனால் அந்த வாய்பாட்டை 100 மீட்டருக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு முரண்பாடு தெரியும். மறைமுனைகள் 15 என்பதால் 0.87 என்று வரும். கேள்வி கேட்டவரின் சிமுலேஷனோ 0.9க்கு மேல் காட்டுகிறது. இதற்குக் காரணம், ஒரே நேரத்தில் இரண்டு செய்திகள் வந்தால் இரண்டும் அழியும் என்ற எடுகோள். பெறுபவர் அனுப்புபவரிடமிருந்து 100 மீட்டரில் இருக்கும்போது, மிக அருகிலுள்ள மறைமுனைகூட அவருக்கு 400 மீட்டர் தள்ளியே இருக்கும். நான்கு மடங்கு தொலைவு என்றால், வெட்டவெளிப் பரவலில் 12 டெசிபெல் வலுக்குறைவு. 6 மெகாபிட் வேகத்துக்குரிய பண்பேற்றம் அந்தக் குறுக்கீட்டைத் தாங்கிக்கொள்ளும். ஆகவே 100 மீட்டரில் மறைமுனைகளால் ஏறக்குறைய இழப்பே இல்லை. 300 மீட்டரில் மறைமுனைகள் பெறுபவரிடமிருந்து 200 முதல் 500 மீட்டரில் இருக்கின்றன. பாதிக்கு மேற்பட்டவை தொலைவில் இருந்தாலும், மிகக் கடைசியில் உள்ளதுகூட 4.4 டெசிபெல் மட்டுமே வலுக்குறைந்தது. அருகில் உள்ளவையோ அனுப்புபவரைவிட வலுவானவை. அங்கே அந்த வாய்பாடு செல்லுபடியாகும். மாதிரியில் இந்த ஒரு நிபந்தனையைச் சேர்த்தால், தொலைவைப் பொறுத்து விடை வளையும் விதமே மாறிவிடும்.

அடுத்தது இருகதிர் மாதிரி. தரையில் பட்டுத் திரும்பும் கதிரைக் கணக்கில் எடுத்துக்கொண்டுவிட்டதாக நீங்கள் நினைத்தால், அது உண்மையல்ல. சிமுலேஷன் மென்பொருள்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் எளிய வடிவம், ஒரு குறிப்பிட்ட தொலைவு வரை வெட்டவெளி வாய்பாட்டையே பயன்படுத்தி, அதற்கப்பால்தான் வலு தொலைவின் நான்காம் அடுக்கில் குறையும் வாய்பாட்டுக்கு மாறுகிறது. ஆன்டெனாக்கள் 1.5 மீட்டர் உயரத்திலும் அலைவெண் 5.9 கிகாஹெர்ட்ஸிலும் இருந்தால், அலைநீளம் 5.1 சென்டிமீட்டர்; மாறும் தொலைவு ஏறத்தாழ 557 மீட்டர். உங்கள் கேட்கும் தொலைவே 500 மீட்டர்தானே? உங்கள் சிமுலேஷனில் தரை என்ற ஒன்று இல்லவே இல்லை.

இரு கதிர்களின் கட்ட வேறுபாட்டை முறையாகக் கூட்டினால், இதே உயரங்களுக்கு 89 மீட்டர் அருகில் ஓர் ஆழமான பள்ளமும், 44 மீட்டர் அருகில் இன்னொன்றும் தோன்றும். 177 மீட்டர் அளவில் இரு கதிர்களும் ஒன்றையொன்று வலுப்படுத்தும். கிறிஸ்டோஃப் சொம்மரும் ஃபால்கோ டிரெஸ்லரும் 2011இல் சாலையில் அளந்து பார்த்து, ஊர்தித் தொடர்புக்கு இந்த முழு வடிவமே தேவை என்று வாதிட்டார்கள். சொம்மர் உருவாக்கிய வெயின்ஸ் என்ற ஊர்தித் தொடர்புச் சிமுலேஷன் கட்டமைப்பில் அது கிடைக்கிறது. இதன்மேல் நாககாமி மங்கலையும் (சமிக்ஞையின் வலு தற்செயலாக ஏறி இறங்குவதை விவரிக்கும் மாதிரி) சேர்த்தால், 500 மீட்டர் என்ற கூரிய எல்லையே கலைந்து, கேட்பதும் கேட்காததும் நிகழ்தகவாகிவிடும். கணக்கு கடினமாகும் என்பது உண்மைதான். ஆயினும் பாலம், லாரி, வளைவு என்று எதுவுமற்ற சாலையில்கூட எல்லை கூர்மையாக இருப்பதில்லை என்பதை ஆய்வுரையில் ஒரு பத்தியிலாவது சொல்லுங்கள்.

வேகத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எதிரெதிரே 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இரண்டு ஊர்திகளின் சார்பு வேகம் நொடிக்கு 55.6 மீட்டர், டாப்ளர் விலகல் ஏறத்தாழ 1,090 ஹெர்ட்ஸ், சேனல் மாறாதிருக்கும் காலம் 0.4 மில்லிநொடி அளவே. உங்கள் செய்தியின் நீளம் 0.448 மில்லிநொடி. பெறும் கருவி முன்னொட்டைக் கொண்டு மதிப்பிட்ட சேனல், செய்தியின் வால்பகுதி வரும்போது பழையதாகிவிடுகிறது. 802.11பியின் வழித்தோன்றலான 802.11பிடி, செய்தியின் நடுவிலும் பயிற்சிக் குறியீடுகளைச் செருக வழிசெய்திருப்பது இதற்காகத்தான். என்எஸ்-3இல் வழக்கமான பிழை மாதிரிகள் இதைக் காட்டா.

---

ஆறுவழிச்சாலை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. முன்னுரிமை வகுப்பு உண்மையிலேயே மாறிக் கிடந்தது, சரிசெய்துவிட்டேன். மறைமுனைகளையும், வலுவான செய்தி பிழைக்கும் நிபந்தனையையும் சேர்த்தபின், 100 மீட்டரிலும் 300 மீட்டரிலும் கணக்கும் சிமுலேஷனும் நெருங்கி வந்துவிட்டன.

ஆனால் இப்போது வேறொன்று கண்ணில் படுகிறது. சராசரியை விட்டுவிட்டு, 300 மீட்டர் இடைவெளியில் செல்லும் இணைகளைத் தனித்தனியே பார்த்தேன். நூற்றுக்கு 62 சேர்கிறது என்றால், ஒவ்வோர் இணையிலும் மூன்றில் ஒன்று போல அங்கங்கே தவறும் என்று எதிர்பார்த்தேன். அப்படி இல்லை. சில இணைகளுக்கு எல்லாச் செய்திகளும் வந்துகொண்டே இருக்கின்றன. வேறு சிலவற்றுக்குத் தொடர்ந்து பல நொடிகள் ஒன்றுமே வருவதில்லை. ஊர்திகள் எல்லாம் ஒரே வேகத்தில் செல்வதால் இணைகளுக்கிடையே உள்ள தொலைவு மாறவில்லை. நிரலில் பிழையா?

---

வரிசைக்கோட்பாடு எழுதியது:

பிழை இல்லை. இந்த இழையில் இதுவரை பேசியவற்றில் இதுவே மிக முக்கியமானது என்று கருதுகிறேன். நீங்களாகவே கண்டுபிடித்ததற்கு வாழ்த்துகள்.

நான் மேலே பாய்சான் வருகை என்று எழுதினேன். உங்கள் ஊர்திகளோ கடிகாரம் போல 100 மில்லிநொடிக்கு ஒருமுறை பேசுகின்றன. ஒன்றையொன்று கேளாத இரண்டு ஊர்திகளின் நேரங்கள், 448 மைக்ரோநொடிக்குள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிட்டால், அடுத்த சுற்றிலும் விழும், அதற்கடுத்த சுற்றிலும் விழும். அனுப்புபவர் எவருக்கும் பதில் வராததால் அவர்களில் எவரும் விலகிக்கொள்வதில்லை. ஓர் இணை இப்படி மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு 0.9 விழுக்காடுதான், ஆனால் மறைமுனைகள் 45 இருக்கும்போது ஒருவரோடும் மாட்டிக்கொள்ளாத வாய்ப்பு 0.67. எண்ணைக் கவனியுங்கள்: பாய்சானில் வந்த அதே 0.67. சராசரி ஒன்றேயாகிவிடுவதால், சராசரியை மட்டும் ஒப்பிடும் ஆய்வுகளில் இந்த வேறுபாடு வெளியே தெரிவதே இல்லை.

வேறுபாடு எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு. ஒவ்வொரு செய்தியும் தற்செயலாக 0.33 வாய்ப்பில் தவறுகிறது என்றால், தொடர்ந்து ஐந்து தவறும் வாய்ப்பு ஆயிரத்தில் நான்கு. முழுக்கக் காலமுறையில் அனுப்பினால் அதே வாய்ப்பு 0.33. மூன்றில் ஒரு பங்கு ஊர்திகளின் செய்திகள் குறிப்பிட்ட ஒரு பெறுபவருக்கு அரை நொடி என்ன, வெகுநேரம் எட்டுவதே இல்லை. முன்னால் செல்பவர் பிரேக் போட்டதைப் பின்னால் வருபவர் அறிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த நெறிமுறையே இருக்கிறது. நூறு செய்தியில் அங்கங்கே முப்பது தவறினாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது. மூன்று நொடி அமைதி நிலவினால், 100 கிலோமீட்டர் வேகத்தில் அவர் 83 மீட்டரைக் குருடராகக் கடந்திருப்பார்.

உண்மைச் சாலையில் கடிகாரங்கள் சற்றே விலகும். அதனால் இந்தப் பிணைப்பு தானாகவே அவிழாதா என்று கேட்கலாம். கடிகாரப் பிழை பத்து இலட்சத்தில் 20 என்று கொள்வோம். இரண்டு கடிகாரங்கள் எதிரெதிராக விலகினால் 100 மில்லிநொடிக்கு 4 மைக்ரோநொடி நகரும். 448 மைக்ரோநொடி விலக 112 சுற்றுகள், அதாவது 11 நொடிக்கு மேல் தேவை. சேனல் பரபரப்பாக இருக்கும்போது காத்திருப்பால் நேரங்கள் கலைவது உண்மையே. ஆனால் அது ஒவ்வொரு செய்தியையும் அதன் குறித்த நேரத்திலிருந்து தள்ளிவிடுகிறதே தவிர, அடுத்த செய்தியின் நேரத்தை மாற்றுவதில்லை. இதற்கு மருந்து எளியது: ஒவ்வொரு முறையும் அனுப்பும் நேரத்தில் சில மில்லிநொடி தற்செயல் அசைவைச் சேர்த்துவிடுங்கள். சராசரி மாறாது, அமைதியான இடைவெளிகளின் நீண்ட வால் வெட்டுப்படும்.

இதனால்தான் எதை அளக்கிறோம் என்பதை மாற்றச் சொல்கிறேன். சேர்ந்த செய்திகளின் விகிதத்தோடு நிறுத்தாமல், ஒரே ஊர்தியிடமிருந்து வந்த அடுத்தடுத்த இரண்டு செய்திகளுக்கு இடைப்பட்ட நேரத்தின் பரவலை வரையுங்கள். அல்லது ‘தகவலின் வயது’ என்ற அளவைக் கையாளுங்கள்: பெறுபவரிடம் இருக்கும் மிகப் புதிய செய்தி எவ்வளவு நேரத்துக்கு முன் எழுதப்பட்டது என்பதே அது. சஞ்சித் கவுல், மார்கோ குருட்டேசர் முதலியோர் 2011இல் ஊர்தி வலையங்களுக்காகவே இதை முன்வைத்தார்கள். மறு ஆண்டில் ராய் யேட்ஸுடன் சேர்ந்து, மிக எளிய ஒற்றைப் பணியாளர் வரிசைக்கே அதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். வயது மிகக் குறைவாக இருப்பது, பணியாளர் ஏறத்தாழ 53 விழுக்காடு நேரம் வேலையில் இருக்கும்போது என்று அங்கே விடை வருகிறது. அதிகம் அனுப்பினால் வரிசை நீண்டு செய்தி பழையதாகிறது. குறைத்து அனுப்பினால் அனுப்பாததாலேயே பழையதாகிறது. சாலையின் சேனல் அந்த எளிய வரிசை அல்ல. ஆனாலும் நொடிக்குப் பத்து முறை என்ற விதியை ஏன் வேதவாக்காகக் கொள்ளக் கூடாது என்பதை அந்தக் கணக்கு நன்றாக உணர்த்துகிறது.

---

சாலையோரம் எழுதியது:

நகர்வு மாதிரி பற்றிய கேள்வி விடுபட்டு நிற்கிறது. போக்குவரத்துப் பொறியியல் பக்கத்திலிருந்து வருபவன் என்ற முறையில் அதை எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு செய்தி காற்றில் இருக்கும் 448 மைக்ரோநொடியில் 100 கிலோமீட்டர் வேக ஊர்தி ஒன்றேகால் சென்டிமீட்டர் நகர்கிறது. செய்திகளுக்கு இடையே 2.8 மீட்டர். மோதல் கணக்கைப் பொறுத்தவரை ஊர்திகள் அசையாமல் நிற்பதாகவே கொள்ளலாம். நகர்வு நுழையும் வாசல் வேறு: ஓரிடத்தில் எத்தனை ஊர்திகள் நெருங்கி நிற்கின்றன, யார் எவ்வளவு நேரம் அருகில் இருக்கிறார்கள் என்பவற்றின் வழியாகத்தான் அது உள்ளே வருகிறது. மாறாத 40 மீட்டர் இடைவெளியில், முன்னே ஒரு விபத்து நேர்ந்து ஊர்திகள் குவியும் நிலை உங்களுக்கு ஒருபோதும் வராது. சுமையின் உச்சம் அங்கேதான் இருக்கிறது.

ஐரோப்பிய விதிப்படி செய்தி அனுப்பினால் இந்தத் தொடர்பு இன்னும் நேரடியானது. ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர அமைப்பான எட்சி வகுத்த முறையில் ஊர்தி 4 மீட்டர் நகர்ந்தாலோ, வேகம் நொடிக்கு 0.5 மீட்டர் மாறினாலோ, திசை 4 பாகை திரும்பினாலோ புதிய செய்தி அனுப்ப வேண்டும், இடைவெளி 0.1 நொடிக்குக் குறையாமலும் 1 நொடிக்கு மிகாமலும் இருக்க வேண்டும். 100 கிலோமீட்டர் வேகத்தில் 4 மீட்டரைக் கடக்க 144 மில்லிநொடி ஆகும். நிபந்தனையை 100 மில்லிநொடிக்கு ஒருமுறை சோதித்தால் நொடிக்கு ஐந்து செய்திகள். நெரிசலில் ஊர்ந்தால் நொடிக்கு ஒன்று. ஊர்திகள் பெருகும்போது ஒவ்வொன்றும் குறைவாகப் பேசுகிறது. ஆகவே மாறாத வேகம், மாறாத பத்து செய்தி என்ற இரண்டும் சேர்ந்து உங்கள் சுமையை உண்மையிலிருந்து வெகுதூரம் கொண்டுபோய்விடும். நின்று நின்று நகரும் போக்குவரத்தில் வேக மாற்ற நிபந்தனை அடிக்கடி தூண்டப்படும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மாதிரியாக, ஒவ்வொரு முனையும் தற்செயலாக ஓரிடத்தையும் வேகத்தையும் தேர்ந்து அங்கே செல்லும் தற்போக்கு வழிப்புள்ளி முறையைத் தொட வேண்டாம். 1990களில் கையில் பிடித்த கருவிகளின் வலையங்களுக்காகப் பரவலானது அது. அதில் மிகக் குறைந்த வேகத்தைப் பூச்சியமாக விட்டால், நேரம் செல்லச் செல்லச் சராசரி வேகம் குறைந்துகொண்டே போகும் என்பதை 2003இல் யூன், லியூ, நோபிள் ஆகியோர் நிறுவினார்கள். மெதுவான பயணங்கள் அதிக நேரம் எடுப்பதால், எந்த நொடியில் பார்த்தாலும் மெதுவாக நகர்பவர்களே மிகுந்திருப்பார்கள். நொடிக்கு 1 முதல் 19 மீட்டர் வரை வேகங்களைச் சமமாகத் தேர்ந்தெடுத்தாலும், நிலைபெற்றபின் சராசரி 10 அல்ல, 6.1தான். ஆயிரம் நொடிச் சிமுலேஷனில் முதல் நூறு நொடியும் கடைசி நூறு நொடியும் வெவ்வேறு உலகங்கள். அதற்கு முன் வெளியான எத்தனையோ நெறிமுறை ஒப்பீடுகளை இது கேள்விக்குள்ளாக்கியது.

ஜெர்மன் வான்வெளி ஆய்வு மையம் தரும் சுமோ என்ற போக்குவரத்துச் சிமுலேஷன் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். அதன் இயல்பான ஊர்திப் பின்தொடரல் மாதிரி, ஸ்டெஃபான் கிராவ்ஸ் 1990களில் வகுத்ததன் வழிவந்தது: முன்னால் செல்பவர் திடீரென நின்றாலும் மோதாத வேகத்தை ஒவ்வொரு ஊர்தியும் தேர்ந்தெடுக்கும். கொலோன், லக்சம்பர்க் நகரங்களுக்கு ஒரு முழு நாளின் போக்குவரத்தே ஆயத்தமாகக் கிடைக்கிறது. பின்னாளில் நம் ஊர்ச் சாலைக்கு வருவதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை: இருசக்கர வண்டியும் ஆட்டோவும் பேருந்தும் தடக்கோட்டைப் பாராமல் இடுக்குகளில் நுழைந்து போகும் சாலையில் 40 மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கே பொருளிழந்துவிடும். சுமோவில் தடத்தைக் கீற்றுகளாகப் பிரிக்கும் துணைத்தட மாதிரி இருக்கிறது. அதை இயக்கிப் பாருங்கள்.

---

அலைநீளம் எழுதியது:

நெறிமுறைத் தேர்வு குறித்தும் தேர்வாளர்கள் கேட்பார்கள் என்பதால் ஒரு சேர்க்கை. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 1999இல் இதற்கென ஒதுக்கிய 75 மெகாஹெர்ட்ஸில், 2020 நவம்பரில் கீழ் 45ஐ வைஃபைக்குத் திறந்துவிட்டு, எஞ்சிய 30ஐ செல்பேசித் தொழில்நுட்பத்தின் வழியில் வந்த சி-வி2எக்ஸுக்குத் திருப்பியது. ஐரோப்பாவில் 802.11பி வழிவந்த தொழில்நுட்பம் எட்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் போன்ற கார்களில் ஓடுகிறது. எனவே உங்கள் தலைப்பு காலாவதியானதல்ல. ஆனால் ஒப்பீடு இல்லாமல் முடிக்க முடியாது.

மேலே பேசிய தொடர் இழப்பு சி-வி2எக்ஸில் இன்னும் கூர்மையானது. செல்பேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபியின் 14ஆம் வெளியீட்டில் வந்த நான்காம் முறைமையில், அடிநிலையத்தின் உதவியின்றி ஊர்தியே கடந்த ஒரு நொடியில் கேட்டதை வைத்து நேரத்தையும் அலைவெண் துண்டையும் தேர்ந்தெடுத்து, 100 மில்லிநொடி இடைவெளியெனில் 5 முதல் 15 முறை வரை அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. எண்ணிக்கை முடிந்தபின்னும் 0.8 வரையான நிகழ்தகவில் பழைய இடத்தையே வைத்துக்கொள்ளலாம். இருவர் ஒரே இடத்தைத் தேர்ந்துவிட்டால், ஒருவர் விலகும் வரை மோதல் தொடரும். ஒரே நேரத்துண்டில் அனுப்பும் இருவர், அலைவெண் வேறானாலும், ஒருவரையொருவர் கேட்க முடியாது. இடைவெளிப் பரவலை வரையச் சொன்ன அறிவுரை அந்த ஒப்பீட்டுக்கு இன்றியமையாதது.

---

ஆறுவழிச்சாலை எழுதியது:

அனுப்பும் நேரத்தில் 0 முதல் 10 மில்லிநொடி வரை தற்செயல் அசைவைச் சேர்த்து நேற்றிரவு ஓட்டினேன். சேர்ந்த செய்திகளின் விகிதம் இம்மியும் நகரவில்லை. ஆனால் இடைவெளிப் பரவலின் வால் நான் அஞ்சியதைவிட வெகுவாகச் சுருங்கிவிட்டது. இரண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்து வழிகாட்டியிடம் காட்டினேன். இப்போது எழுதத் தொடங்கச் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் சுமோவில் எட்சி விதியுடன் தொடங்குகிறேன்.

---

வரிசைக்கோட்பாடு எழுதியது:

மகிழ்ச்சி. எழுதுவதற்கு முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: 4 கிலோமீட்டர் சாலையின் இரு முனைகளிலும் இருக்கும் ஊர்திகளுக்கு ஒரு பக்கத்தில் மறைமுனைகளே கிடையாது. அவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் உங்கள் எண்கள் உண்மையைவிட அழகாக வரும். இருபுறமும் ஒவ்வொரு கிலோமீட்டரை விட்டுவிட்டு, நடு 2 கிலோமீட்டரில் உள்ள அனுப்புநர்களை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். தொடக்க நேரங்களை வெவ்வேறு விதைகளால் (தற்செயல் எண்களின் தொடக்க மதிப்புகளால்) மாற்றி முப்பது முறையாவது ஓட்டுங்கள். அசைவு சேர்க்காத ஓட்டங்களில் ஓர் ஓட்டத்துக்கும் மற்றதற்கும் வேறுபாடு மிகுதியாக இருக்கும் என்பதால், அங்கே நம்பிக்கை இடைவெளியைக் கட்டாயம் போடுங்கள்.